நின்னுச்சு

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள்.
முழங்கால் வரை செம்மண், காலுறைக்குள் அட்டை.
முதலில் உப்புக் கேட்டார்கள்.
பிறகு ஸ்டோர் முன்னறையில் மேசை போட்டு
பெரட்டுப் புத்தகங்களை ஓரம் தள்ளி
என்னைக் கூப்பிட்டார்கள்:
சின்னக் கிராணி சவரிநாதன்,
ஏழாம் வகுப்பு ஆங்கிலம், மொழிபெயர்ப்பாளன்.

பூவாயி உட்கார மறுத்துவிட்டாள்.
குன்றடி நிரையில் பால் வெட்டுகிறவள்.
அவள் மடிக்குள் ஏதோ கீச்சிட்டது.
கேட்காததுபோல் இருந்தோம் எல்லாரும்.

அந்தச் சரக்கு விமானத்தில் வந்தவை
ஒரு நாள் வயசுக் கோழிக்குஞ்சுகள், நாலாயிரம்.
ஓட்டிவந்த இருவரும் அங்கேயே முடிந்தார்கள்.
பெட்டி சிதறித் தப்பிய குஞ்சுகள்
கித்தா நிரைகளுக்குள் மஞ்சள் மஞ்சளாக
மங்குக்கு மங்கு போய்ப் பாலைக் கொத்தின.
அலகு ஒட்டிக்கொண்டு கத்த முடியாமல் நின்ற ஒன்றை
நானே எண்ணெய் தொட்டுப் பிரித்துவிட்டேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்:
"விடியல. மல மேல மேகம் படுத்திருந்துச்சு.
நெத்தி வெளக்க ஏத்திக்கிட்டு மொத மரத்துல கத்தி வச்சேன்.
சத்தம் வந்துச்சு. தலைக்கு மேல நின்னுச்சு.
அப்பறம் குன்னு இடிஞ்சுச்சு."

நின்னுச்சா, என்றேன்.
ஆமா, நின்னுச்சு.

ஸ்டாப்ட், என்றேன் அவர்களிடம்.
பேனா அந்த ஒரு சொல்லுக்கு நிமிர்ந்து
பின்பு வேகமாக ஓடியது.

மழை நின்றது என்றால் மழை இல்லை.
மரம் நின்றது என்றால் மரம் இருக்கிறது.
சத்தம் இதில் எந்தக் கட்சி
என்று அவளிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.
பசி. மணி ஒன்றரை.
துரை வேறு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

பதினாலு மாதம் கழித்து அறிக்கை வந்தது.
ஆபீசில் யாரும் தொடவில்லை. நான் படித்தேன்,
அகராதியும் மரவள்ளிக்கிழங்குமாக, நாலு மதியம்.

விசிறியின் இதழ்கள் நான்கும்
ஒரே திசையில், ஒரே அளவில் சுருண்டிருந்தனவாம்.
ஓய்ந்துபோன எந்திரம் அப்படிச் சுருளாது.
ஆக, மோதும் நொடி வரை அது
முழு மூச்சாகச் சுழன்றுகொண்டே இருந்தது.
கோளாறு இரும்பில் இல்லை.

கோபுரத்திலிருந்து காற்றழுத்தம் சொன்னார்கள்:
ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், மூன்று.
இரைச்சலில் விமானி கேட்டுக்கொண்டது
ஒன்று, பூஜ்யம், ஒன்று, மூன்று.
அதையே திருப்பிச் சொன்னார்.
அங்கே அதைக் காதில் வாங்க ஆளில்லை,
வேறு விமானத்தோடு பேச்சு.
உயரமானியின் முள்ளைத் திருகி வைத்தார்.
முள் காட்டிய உயரத்தில்
முந்நூறு அடி கிடையவே கிடையாது.
இல்லாத அந்த முந்நூறு அடியை நம்பி
மேகத்துக்குள் நிதானமாக இறங்கினார்கள்,
எங்கள் பூவாயியின் தலைக்கு மேல்.

கடைசித் தாள்களில் பொடி எழுத்தில் ஒரு வரி:
தொழிலாளிப் பெண்ணின் சாட்சியம்
தடயங்களோடு முரண்படுவதால்
கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அவள் சொன்னதும் அந்த நாலு இதழ்கள் சொன்னதும் ஒன்றே.
இடையில் இருந்தவன் நான்.

யாருக்கு எழுத? எழுதினேன், இரண்டு முறை.
முதல் கடிதத்தைக் கிழித்தேன்.
இரண்டாவதற்கு, பெற்றுக்கொண்டோம் என்று பதில்.

இப்போது செம்பனை ஆலை எடைமேடையில் இருக்கிறேன்.
லோரிக்காரன் நம்பர் சொன்னால் திருப்பிச் சொல்வேன்,
அவன் 'ஆமா' என்ற பிறகும் ஒருமுறை.
செவிட்டுக் கிராணி என்று பெயர்.
இருக்கட்டும்.

அறிக்கை படித்த அந்த வாரம் சம்பள நாள்.
சுங்கை கெலுபி பஸ் நிலையத்தில்
மூன்றாம் நம்பருக்குக் காத்திருந்தாள் பூவாயி,
கையில் மூங்கில் கூடை.
"ஐயா, நாஞ் சொன்னத எழுதுனாங்களா?"
எழுதுனாங்க, என்றேன்.

மடியில் போனவை ஏழாம்.
ஐந்து சேவலாகிவிட்டது என்று சிரித்தாள்.
மற்ற இரண்டும் இட்டதில் நான்கு முட்டையை
வாழைச்சருகில் சுற்றி நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.